நான்காவது விஷயம்

பரளச்சி,
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ஜெயபாண்டி அவர்களுக்கு, மாமா பால்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் பிள்ளைகள் இருவரும் சுகம். தங்கலட்சுமியைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். மஸ்கட்டில் வெயில் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களாக நீங்கள் போனை எடுக்கவில்லை. பூமிநாதன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புவதால் அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தாலுகா ஆபீஸில் குறிப்பு எழுதியே காலத்தைக் கழித்தவன் நான். வரிசை போடாமல் எழுத வராது. எழுதப்போவது இவை:

1. தங்கத்தின் உடல்நிலை.
2. ஆஸ்பத்திரியில் நடந்தது.
3. வழக்குப் போடுவதா, வேண்டாமா.
4. நீங்கள் கேட்ட சோதனையும் அதற்கு என் சம்மதமும்.
5. பார்சல்.

முதலாவது. தங்கத்துக்கு ரத்தம் குறைவு. காலில் நீர் கோத்திருக்கிறது. இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். நடுவில் அவள் உடம்பு கெட்டதற்கு நாங்களே காரணம். வைகாசியில் வாந்தி வந்தது, சோற்றைக் கண்டாலே குமட்டியது. நம் பக்கம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு வாந்தி வந்தால் யாருக்கும் அந்த நினைப்பு வராது. உங்கள் அம்மா காமாலை என்றார்கள். உங்கள் அத்தையும் அதையே சொன்னாள். பி.ஏ. படித்த நானும் நம்பி, ஷேர் ஆட்டோவில் எம்.ரெட்டியபட்டிக்குக் கூட்டிப்போய் மருந்து ஊற்றினேன். கீழாநெல்லி அரைத்த மோர், உப்பில்லாப் பத்தியம். மருந்து கொடுத்தவர் கண் இமையை விலக்கிப் பார்த்து, மஞ்சள் இறங்குகிறது என்றும் சொன்னார். தங்கம் ஒரு முறை, “அப்பா, இது எனக்குப் பழகின வாந்தி மாதிரில இருக்கு” என்றாள். அவள் அம்மா, “ஆபரேஷன் பண்ணுனவளுக்கு என்னடி பழகின வாந்தி, கண்ண மூடிட்டுக் குடி” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

ஆடியில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றுக்குள் அசைந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்தபோது, வேண்டும் வேண்டாம் என்று யோசிக்கிற காலமெல்லாம் கடந்துவிட்டது என்றார்கள். யோசித்துச் சொல்லும் உரிமைகூட என் மகளுக்கு இல்லாமல் போயிற்று.

இரண்டாவது. சின்னவள் பிறந்ததும் ஆபரேஷன் செய்த அதே மதுரைத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அன்று அந்தப் பெரிய டாக்டர், “இனிமே உங்களுக்குக் கவலையே இல்ல” என்று சொன்னபோது நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். தவறிப்போகலாம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. இந்தத் தடவை அவர், “ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு இப்படி ஆகத்தான் செய்யும் பெரியவரே. கடவுள் குடுத்தது, வளருங்க” என்றார். சரியாகச் செய்தாலும் சில சமயம் தவறும் என்பது எனக்கும் தெரியும். அதைத் தகராறு செய்யவில்லை. எப்படிச் செய்தீர்கள், ஏன் முன்பே சொல்லவில்லை, ஆபரேஷன் காகிதங்களைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன்.

உடனே அவர் முகம் மாறியது. கதவு திறந்திருந்தது, வெளி பெஞ்சில் டோக்கனுடன் ஜனங்கள் இருந்தார்கள். “வீட்டுக்காரரு வெளிநாட்டுலதானே இருக்காரு? நாங்க பண்ணினது சரியாத்தான் இருக்கும். நீங்க உங்க வீட்டுல விசாரிங்க” என்றார்.

நான் படித்த படிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. தங்கம்தான், “நீங்க கட்டுனது அவுந்துபோச்சான்னு கேட்டா, நான் எங்க போனேன்னு கேக்கீகளே டாக்டர்” என்றாள். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை, எனக்குக் கோபமாக எழுதிப் பழக்கமில்லை. இந்த இடத்தில் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். கண்மாயில் மடை ஒழுகினால் மடையைக் கட்டியவரைத்தான் கூப்பிட்டுக் கேட்போம். வயலுக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று வயல்காரனையா குற்றம் சொல்வோம்? தன் வேலையின் குறையை மறைக்க ஒரு பெண்ணின் நடத்தையை எடுத்து முன்னால் வைப்பது என்ன படிப்பு? அந்த அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேனாவை மூடிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மூன்றாவது. அருப்புக்கோட்டையில் தேவிபிரியா என்று ஒரு வக்கீல். நெசவுக் குடும்பத்துப் பெண், நிதானமாகப் பேசுகிறார். கர்ப்பம் ஆகிவிட்டது என்பது மட்டும் வழக்குக்குப் போதாதாம். சரியாகச் செய்யவில்லை, அல்லது தவறலாம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை என்று காட்ட வேண்டுமாம். சொல்லவில்லை என்பதற்கு நீங்களும் நானும் சாட்சி. பிறகு அவர், “ஐயா, அவங்க தரப்புல மொதக் கேள்வியே புருசனப் பத்தித்தான் வரும். அவரு பக்கத்துல நின்னா கேஸு நிக்கும். அவரே சந்தேகப்பட்டா அவங்களுக்கு வக்கீலே வேண்டாம்” என்றார்.

வழக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. நரிக்குடிப் பக்கம் உங்கள் ஊர் முழுக்கப் பேசுமே என்று தங்கத்திடம் சொன்னேன். “இப்ப மட்டும் பேசாமயா இருக்காக” என்றாள். உங்கள் அம்மா சாடையாகப் பேசியதால்தான் பிள்ளைகளோடு இங்கே வந்துவிட்டாள். சம்மந்தியைக் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் நடந்தது அதுதான். ஆகவே வழக்குப் போடலாம் என்றே இப்போது நினைக்கிறேன். உங்கள் கையெழுத்து வேண்டும். விசாரணைக்கு நீங்கள் வர வேண்டும்.

நான்காவது. நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைத் தங்கம் என் முன்னால் வைத்தாள். கேட்டேன். பிள்ளை பிறந்ததும் ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் குலதெய்வம் கோயில் மாசிக் களரிக்கு வந்து, பங்குனிப் பொங்கல் முடிந்துதான் விமானம் ஏறினீர்கள். ஸ்கேனில் சொன்ன மாதமும் அதற்குப் பொருந்துகிறது. ஆனாலும் தர்க்கம் செய்ய எனக்குத் தைரியமில்லை. பெண்ணைப் பெற்றவன். குடும்பம் சேர்ந்திருந்தால் போதும். ஆகவே சோதனைக்கு என் சம்மதத்தைத் தெரிவிக்கிறேன். நானே கூட்டிப்போகிறேன். அதன் பிறகாவது அவளோடு பேசுங்கள்.

ஐந்தாவது. பார்சலில் காராச்சேவும் மாங்காய் ஊறுகாயும் இருக்கின்றன. “போனை எடுக்காத மனுசனுக்கு ஊறுகா ஒண்ணுதான் குறைச்சல்” என்று உங்கள் அத்தை ஜாடியை உள்ளே வைத்துவிட்டாள். தங்கம்தான் எடுத்துக் கட்டினாள். சண்டை வேறு, சாப்பாடு வேறு என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் தங்கத்திடம் வாசித்துக் காட்டினேன். புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். மூன்று வரை தலையாட்டினாள். பிறகு, “நாலாவத யாரக் கேட்டு எழுதுனீக?” என்றாள். உன் நல்லதுக்குத்தான் என்றேன். கையிலிருந்த கொட்டையைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “கோர்ட்டு கேட்டா ரத்தம் குடுப்பேம்ப்பா. கோர்ட்டுக்கு என்னையத் தெரியாது. அவுகளுக்குத் தெரியணும்ல.” எழுந்து சின்னவளுக்குத் தலை சீவப் போய்விட்டாள்.

வேறு தாளில் திருத்தி எழுதலாம். பூமிநாதன் கிளம்ப நேரமும் இருக்கிறது. ஆனால் அந்த டாக்டர் மேல் இவ்வளவு கோபத்தை எழுதிய அதே கையால், அவர் சொன்ன விசாரணையை நானே நடத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும், நீங்கள் பார்க்க வேண்டும்.

கார்த்திகையில் பிரசவம். மூத்தவன் தனுஷ், அப்பா வருவாரா என்று தினமும் கேட்கிறான். நீங்களும் உங்கள் மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். வழக்குக்குக் கையெழுத்துப் போட யோசனையாக இருந்தால் அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அவளுக்குப் போன் செய்யுங்கள்.

நான்காவது விஷயம் தவறு. அவள் நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை. சம்மதம் கொடுக்க நான் யாரும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மாமா,
பால்சாமி.