இடது என்றால் ஒரு தட்டு

அக்கா,

இன்று காலை பத்து மணிக்கு உன் தொடுதிரை டேப் மறுபடியும் ‘டிங்’ என்றது. அலமாரியில் உன் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். உன் பெயரைச் சொல்லி, “ஞாபகப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது” என்றது அந்தப் பெண் குரல். நீ போய் ஏழு மாதமாகிறது என்று அதற்கு யார் சொல்வது? பெயரை மாற்றித் தருகிறேன் என்கிறாள் சென்னையில் இருக்கும் என் மகள். இனி அந்தப் பயிற்சி எனக்கு. பாளை மார்க்கெட்டில் ஆட்டோ ஏறிவிட்டு, நம் தெருப் பெயர் வாயில் வராமல் முழித்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்து நர்சாக நடந்தவள் நீ. ஒருநாள் பஸ்ஸில் ஒரு மீசைக்காரரைப் பார்த்து, “லே, நீ கால் முதல்ல வந்தவம்லா?” என்று கேட்டாய். பஸ்ஸே சிரித்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்து உனக்கு இடம் கொடுத்தார். அப்பேர்ப்பட்ட உன்னிடம் இந்த டேப் ஒரு குடையைக் காட்டி, மறைத்து, இரண்டு பெட்டிகளில் எதில் இருந்தது என்று கேட்டது. நீ தப்பாகத் தொட்டாய். சிவப்புக் குறி வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

மறுநாளிலிருந்து உன் முழங்கையை ஒட்டி உட்கார்ந்தேன். இடது என்றால் முழங்கையில் விரலால் ஒரு தட்டு, வலது என்றால் இரண்டு. அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. “மிக நன்று” என்று குரல் சொல்லும், நீ சிரிப்பாய். சனிக்கிழமைதோறும் உன் மதிப்பெண் டாக்டருக்கும் மகளுக்கும் தானாகப் போகும், ஏறிக்கொண்டே போனது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? உனக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பொய். என் வீட்டுக்காரரும் போனபிறகு இந்த வீட்டில் நாம் இருவர்தானே. நீ என்னை மறந்துவிட்டால் நான் யாருடைய தங்கச்சி?

“நல்ல முன்னேற்றம், தனியாகக் கடைக்கு அனுப்பலாம்” என்றார் டாக்டர். தட்டியதைச் சொல்லாமல், மறுநாள் உன் கையில் பையைக் கொடுத்து அனுப்பினேன்.

கொத்தமல்லி வாங்கப் போன நீ மூன்று மணி நேரம் வரவில்லை. ஆற்றுப் பாலம் வரை ஓடினேன். கீழே தண்ணீரைப் பார்க்கப் பயந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் போன் வந்தது. உன் பையில் நான் எழுதிவைத்த நம்பரைப் பார்த்து யாரோ கூப்பிட்டார்கள். பஸ் ஏறிப் போய், நீ வேலை பார்த்த சுகாதார நிலையத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். “இன்னைக்கு ஊசி போடுத நாளுட்டி. ஒரு புள்ளயும் வரல பாரு” என்றாய்.

அன்று சாயங்காலம் உனக்குத் தெளிவு இருந்தது. முழங்கையில் தட்டியதைச் சொல்லி அழுதேன்.

“எனக்குத் தெரியாதாட்டி? நீ பயந்து சாகுதியேன்னுதான் பேசாம இருந்தேன்” என்றாய். பிறகு பைய, “இனிமே தட்டாத. தப்புன்னா தப்புன்னே போவட்டும். டாக்டருக்குத் தெரியணும்லா” என்றாய்.

மதிப்பெண் இறங்கியது, மருந்து மாறியது. கொஞ்ச நாள் நன்றாகக்கூட இருந்தாய். கடைசி மாதத்தில் ஒருநாள், தலை சீவிவிட்ட என்னிடம், “யாரு பெத்த புள்ள நீ?” என்று அன்பாகக் கேட்டாய்.

இன்று அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு சாவி வந்தது, மறைந்தது. இரண்டு பெட்டிகளும் என்னைப் பார்த்தன. ஒன்றுமே நினைவில்லை. என் முழங்கை உன் விரலுக்காகக் காத்திருந்தது. குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டேன், சிவப்புக் குறி. அடுத்த படம் வந்தபோது, விரலை அது இருக்கும் பெட்டி மேலேயே வைத்துக்கொள், யாருக்குத் தெரியப்போகிறது என்றது புத்தி. கையை மடியில் வைத்துக்கொண்டேன். படம் மறைந்தபிறகு தொட்டேன். மறுபடியும் சிவப்புக் குறி. சனிக்கிழமை அது டாக்டருக்கும் மகளுக்கும் போகும், போகட்டும்.

பயமாக இருக்கிறது அக்கா. ரொம்பப் பயமாக இருக்கிறது.

பெயரை மட்டும் மாற்ற வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். தினமும் பத்து மணிக்கு ஒரு குரல் உன் பெயரைச் சொல்லட்டும். நான் யாருடைய தங்கச்சி என்பதாவது எனக்கு மறக்காமல் இருக்கும்.