எட்டாம் எண் வீடும் மணியம்மாவின் வயதும்

அனுப்புநர்
ப. கேசவன், வயது 78,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
வீட்டு எண் 8, கல்யாண நிவாசம் மூத்தோர் குடியிருப்பு,
சித்தூர் – திருப்பதி சாலை,
புத்தலப்பட்டு மண்டலம், சித்தூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சித்தூர்.

பொருள்: மூத்தோர் குடியிருப்பில் உள்ள என் வீட்டை வாங்க முன்வந்திருப்பவருக்கு ஐம்பத்தேழு வயது ஆகியும், பள்ளிச் சான்றிதழில் ஐம்பத்து மூன்று என்று இருப்பதால் விற்பனைக்கு அனுமதி மறுக்கப்படுவது – அந்தச் சான்றிதழில் வயதைத் தவறாக எழுதியவன் நானே என்பது – என் வாக்குமூலத்தைப் பதிவு செய்து ஆவன செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவைத் தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். முப்பத்தாறு ஆண்டு அரசுப் பணியில் எல்லாக் கடிதங்களையும் அதில்தான் எழுதினேன். ஆனால் இந்த விஷயத்தைத் தெலுங்கில் எழுதிப் பார்த்தபோது வேறு யாரோ புகார் கொடுப்பது போல இருந்தது. அலுவலக வசதிக்காக அந்த நகலையும் இணைத்திருக்கிறேன்.

1. நானும் என் மனைவி சுலோச்சனாவும் 2016 முதல் மேற்படி குடியிருப்பில் வசித்து வருகிறோம். மொத்தம் நாற்பது வீடுகள். எல்லாம் தரைத்தளம், குளியலறையில் பிடிமானக் கம்பி, கட்டிலருகே அழைப்பு மணி, ஒரு நர்ஸ், ஒரு பொதுச் சமையலறை. சாம்பாரில் காரம் போதாது என்பதைத் தவிர எட்டு ஆண்டுகள் எங்களுக்குக் குறை ஏதும் இல்லை. ஐம்பத்தைந்து வயது நிறைந்தவர் பெயரில்தான் வீட்டை விற்கலாம். வாடகைக்கு விடுவதற்கும் அதே நிபந்தனை.

2. சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பழையபடி அசைகிறது, நடையும் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சில்தான் பெரிய சேதம். சந்தையில் என்னைப் பின்னால் நிற்கவைத்துவிட்டுத் தெலுங்கில் பேரம் பேசியவள் அவள். இன்று அவளுக்கு ஒரு தெலுங்குச் சொல்கூட வருவதில்லை. யாராவது பேசினாலும் புரிவதில்லை. மிஞ்சியிருப்பது கொஞ்சம் தமிழ். எங்கள் நர்ஸ் நல்ல பெண், ஆனால் தமிழ் அறியாதவர். சென்ற மாதம் சுலோச்சனாவுக்கு நெஞ்சு எரிந்தபோது அதை அந்தப் பெண்ணிடம் சொல்லத் தெரியாமல், நான் மருந்துக்கடையிலிருந்து வரும்வரை கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் இல்லாத நேரத்தில் அவள் ஊமை என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

3. அவளுடைய தங்கை ரத்தினம்மா நாராயணவனத்தில் இருக்கிறார். தெருவில் பாதிப் பேர் தமிழ் பேசுபவர்கள். ரத்தினம்மாவின் வீட்டுக்கு அடுத்த வீடு விலைக்கு இருக்கிறது. அதன் சொந்தக்காரர் எங்களுக்காகப் பொங்கல் வரை காத்திருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எட்டாம் எண் வீடு விற்றால்தான் எங்களால் அதை வாங்க முடியும். சுலோச்சனா ஒரு நாளைக்குப் பத்து முறை "வூட்டுக்குப் போலாம்" என்கிறாள். எந்த வீடு என்று நான் கேட்பதில்லை.

4. கொரோனாவுக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் எங்கள் குடியிருப்பில் ஒரு வீடுகூட விலை போகவில்லை. பதினோரு வீடுகள் பூட்டியே கிடந்தன. பூட்டுகள் துருப்பிடித்துப் போயின. விற்க நினைத்தவர்கள் காத்திருந்தார்கள், சிலர் காத்திருந்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். சென்ற ஆண்டு இறுதியிலிருந்துதான் நிலைமை மாறியது. சாலை ஓரமெல்லாம் புதிய மனைப்பிரிவுகள், வண்ணக் கொடிகள். பூட்டிய பதினொன்றில் ஏழு வீடுகள் கைமாறிவிட்டன. வீட்டுத் தரகர் பவன்குமார் வாரம் ஒருமுறை வந்து "மார்க்கெட்டு எழுந்துக்கிச்சி சார், இப்ப விட்டா மறுபடி எப்ப படுக்கும்னு தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

5. எங்கள் வீட்டைப் பார்க்க முதலில் ஒன்பது பேர் வந்தார்கள். பெற்றோருக்காக வாங்க வந்த பிள்ளைகளே அதிகம். பணம் பிள்ளையுடையது, வங்கிக் கடனும் பிள்ளையின் பெயரில், ஆகவே பத்திரமும் தன் பெயரில்தான் வேண்டும் என்றார்கள். அவர்களுக்கெல்லாம் வயது முப்பத்தைந்து, நாற்பது. ஒரு தம்பதிக்கு வயது பொருந்தியது. பேரக்குழந்தையைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள், அதுவும் விதிப்படி ஆகாது. ஒவ்வொரு முறையும் நான் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

6. பத்தாவதாக வந்தவர் மணியம்மா. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகள் பெங்களூரில். தனியாக இருப்பதற்குப் பாதுகாப்பான இடம் தேடினார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தவர் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க கேசவன் சார் இல்ல?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர். சுலோச்சனாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தமிழில் பேசிவிட்டுப் போனார். அன்று இரவு அவள் நன்றாகச் சாப்பிட்டாள். விலையிலும் எங்களுக்குள் பேச்சு முடிந்தது.

7. இனி என் தவறுக்கு வருகிறேன். 1977 ஜூன் மாதம், நாராயணவனத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் ஓராசிரியர் பள்ளியில் நான் பணியாற்றினேன். மணியம்மாவின் பெற்றோர் நிலம் இல்லாதவர்கள். அவர் அதுவரை ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பள்ளிக்கு அழைத்து வந்தேன். அப்போது அவருக்கு ஒன்பது வயது. முன்பல் விழுந்து முளைத்தாகிவிட்டது. ஐந்து வயது நிறைந்ததாகச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதினேன். பிறந்த தேதி ஜூன் 1, 1972. அந்த ஆண்டு சேர்ந்த இருபத்து மூன்று பிள்ளைகளும் என் பதிவேட்டின்படி ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்களே.

8. இது கவனக்குறைவால் நேர்ந்தது அல்ல. தெரிந்தே செய்தேன். பின்னாளில் அரசு வேலைக்கு வயது வரம்பு தாண்டிப் போகக் கூடாது, வேலை கிடைத்தால் நாலு வருடம் கூடுதலாகச் சம்பளம் வாங்கட்டும் என்ற எண்ணம். அந்தக் காலத்தில் எங்கள் பகுதி ஆசிரியர்கள் பலரும் அப்படித்தான் எழுதினோம்; அதைப் பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம் என்றே நினைத்தோம். மணியம்மாவுக்கு அது பயன்பட்டதும் உண்மை. வேலையில் சேர்ந்தபோது வயது வரம்புக்கு ஓர் ஆண்டு உள்ளே இருந்ததாக அவரே சொன்னார். ஐம்பது ஆண்டு கழித்து ஒருத்தி தன் வயதை நிரூபிக்க வேண்டிவரும் என்பதும், அதனால் என் வீட்டிலேயே ஒருத்தி அடைபட்டுக் கிடப்பாள் என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை.

9. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிட்டிபாபு அவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், விதியை விதியாகப் படிப்பவர். அவர் காட்டிய விதி இது: "வயதுக்குப் பள்ளிச் சான்றிதழே இறுதிச் சான்று, வேறு எந்த ஆவணமும், உறுதிமொழியும் ஏற்கப்படாது." இதை 2018-இல் எழுதியவனும் நானே. அப்போது நான் சங்கத் தலைவர். ஒருவர் பொய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து நாற்பத்தெட்டு வயது மருமகனைக் குடிவைக்கப் பார்த்தார். அந்தக் கோபத்தில் ஒரே மூச்சில் எழுதி நிறைவேற்றினேன். சிட்டிபாபு என்னிடம் மிகவும் வருத்தப்பட்டுத்தான் சொன்னார்: "ரூல் போட்டது நீங்கதானே மாஸ்டாரு, நான் என்ன பண்ணட்டும்?" பொதுக்குழுவைக் கூட்டி விதியைத் திருத்தலாம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு பேர் நேரில் வர வேண்டும். பாதிப் பேர் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டில், மீதிப் பேரில் சிலர் படுக்கையில்.

10. மணியம்மாவின் தம்பி கருப்பன் பள்ளிக்கே வராதவர். நானும் பலமுறை கூப்பிட்டுப் பார்த்தேன், ஓடிவிடுவார். அதனால் அவருடைய வயதில் யாரும் கை வைக்கவில்லை. ஆதார் அட்டைப்படி அவருக்கு ஐம்பத்தைந்து. ஆக, அரசு ஆவணங்களின்படி தம்பி அக்காவைவிட இரண்டு வயது மூத்தவர். அவரைச் சங்கத்துக்கு அழைத்துச் சென்று சாட்சி சொல்ல வைத்தேன். "எங்க அக்கா என்ன இடுப்புல தூக்கிக்கினு ஆடு மேச்சிது சார். இப்ப அதுக்கு நான் அண்ணனா?" என்று அவர் கேட்டபோது கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிட்டிபாபுவும் சிரித்தார். பிறகு கருப்பன் சொன்னதை ஏற்க விதியில் இடமில்லை என்று குறிப்பு எழுதினார்.

11. அதன் பிறகு மூன்று மாதங்களாக அலைகிறேன். மாவட்டம் பிரிந்ததில் வீடு ஒரு மாவட்டம், பள்ளி ஒரு மாவட்டம் ஆகிவிட்டது. ஓர் இடத்தில் வீட்டு விவகாரம் என்றார்கள், இன்னோர் இடத்தில் பள்ளி விவகாரம் என்றார்கள். பழைய பள்ளிக்கும் போனேன். பதிவேடு பத்திரமாக இருக்கிறது. என் கையெழுத்தை நானே அடையாளம் கண்டேன். அச்சடித்தாற்போல அழகாகவே எழுதியிருக்கிறேன். மணியம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீங்க எயுதனது சார். நீங்களே தப்புன்னு சொன்னா யாரு சார் இல்லன்னப் போறாங்க?" எல்லோரும் இல்லை என்கிறார்கள் ஐயா. நான் எழுதியதை நம்புகிறவர்கள் நான் சொல்வதை நம்ப மறுக்கிறார்கள்.

12. காத்திருந்தால் மணியம்மாவுக்குக் காகிதப்படி 2027 ஜூன் ஒன்றாம் தேதி வயது நிறையும். இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அதுவரை அவருக்கு இடம் இல்லை. நாராயணவனத்து வீடும் அதுவரை நிற்காது. சுலோச்சனாவுக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வரக்கூடும் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கிறார். அப்படி வந்தால் மிஞ்சியிருக்கும் தமிழும் போய்விடலாம். அதற்குள் அவள் தன் தங்கையோடு வாய்விட்டுப் பேச வேண்டும் என்பதே என் ஆசை.

13. மணியம்மாவின் பள்ளிப் பதிவேட்டையோ பணிப் பதிவேட்டையோ திருத்தும்படி நான் கேட்கவில்லை. அதைத் தொட்டால் அவர் உழைத்து வாங்கும் ஓய்வூதியத்துக்கு இடையூறு வரலாம். நான் செய்த காரியத்துக்கு அவர் தண்டனை பெறக் கூடாது. அப்போது அவர் ஒன்பது வயதுக் குழந்தை. தண்டிக்க வேண்டுமானால் என்னைத் தண்டியுங்கள், மறுக்க மாட்டேன். நான் கேட்பது இரண்டு. மருத்துவக் குழு மூலம் மணியம்மாவின் வயதைக் கண்டறிந்து, இந்தக் குடியிருப்பின் நோக்கத்துக்கு மட்டும் அதை ஏற்கும்படி சங்கத்துக்கு அறிவுறுத்த வேண்டும். அதற்கு முன், பதிவேட்டை எழுதியவன் என்ற முறையில் என் வாக்குமூலத்தைத் தாங்களோ தாங்கள் நியமிக்கும் அதிகாரியோ எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த எழுத்து தவறு என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

14. கடைசியாக ஒன்று. மனுவின் தொடக்கத்தில் என் வயதை எழுபத்தெட்டு என்று குறிப்பிட்டிருக்கிறேன். அது என் பள்ளிச் சான்றிதழில் உள்ளது. என்னைச் சேர்த்துக்கொண்ட ஆசிரியரும் நல்ல மனிதர்தான். என் மேல் பிரியப்பட்டு மூன்று வயது குறைத்து எழுதினார். எனக்கு நடப்பது எண்பத்தொன்று. விசாரணைக்கு நாள் குறிக்கும்போது, தயவுசெய்து அந்தக் கணக்கை வைத்துக் குறிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ப. கேசவன்

இடம்: சித்தூர்
நாள்: 17.11.2025, திங்கட்கிழமை

இணைப்பு:
பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் (என் கையெழுத்தில்)
குடியிருப்போர் சங்க விதி நகல் (என் கையெழுத்தில்)
கருப்பனின் ஆதார் நகல்
சுலோச்சனாவின் மருத்துவச் சான்று
மனுவின் தெலுங்கு நகல்