மூணு ஃபண்டிலும் உங்க கம்பெனி

ஏங்க, சாப்பாடு மேஜை மேல மூடி வெச்சிருக்கேன்.

நேத்து நான் கத்தினப்ப, "ரிட்டயர்மென்ட் காசை மூணு ஃபண்டா பிரிச்சுதானே போட்டிருக்கேன்"னு சொன்னீங்க. இன்னைக்கு அந்த ஃபண்ட் பேப்பரை எல்லாம் உட்கார்ந்து படிச்சேன். பேருதான் மூணு. மூணுமே முழுக்க ஷேர், கடன் பத்திரம் துளிகூட இல்ல. அதுலயும் மூணுமே அதிகமா வாங்கி வெச்சிருக்கிறது நீங்க வேலை பாக்கிற கம்பெனி ஷேரை! அது படுத்துட்டா சம்பளமும் போகும், சேமிப்பும் போகும். ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போற மனுஷன் செய்யற வேலையா இது?

மாத்துற ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. பாதியைக் கடன் பத்திரத்துக்கு மாத்திக் கையெழுத்துப் போட்டு வைங்க. டூட்டி முடிஞ்சு எட்டு மணிக்கு வருவேன்.

பி.கு: உங்க கம்பெனியில ஆள் குறைக்கிறாங்களாமே. மூணு நாளா டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருது. லிஸ்ட்ல நீங்களும் இருந்தா சொல்லிடுங்க. அதுக்கு நான் கத்தமாட்டேன்.