எனக்குத் தனித் தட்டு வேண்டாம்

மார்ச் 3, செவ்வாய்

கை எழுதுகிறது. கோழி கிறுக்கியது போல இருந்தாலும் எழுதுகிறது.

மார்ச் 4, புதன்

தினமும் அரைப் பக்கம் எழுதச் சொன்னது கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண். "என்ன வேணா எழுதுங்க சார். யாரையாவது திட்டணும்னா திட்டிக்கூட எழுதுங்க" என்றாள். நல்லதாகப் போயிற்று. திட்டுவதற்கு எனக்கு நிறைய இருக்கிறது.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டிய வலது கை, ஒரு சட்டைப் பொத்தானோடு கால் மணி நேரம் மல்லுக்கு நிற்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த நீல டிரே. காலை ஏழரைக்கு ஜன்னலோர நாற்காலிக்கு வரும். அதில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி. உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, கொண்டு வருகிறவளிடம் பேச்சும் இல்லை. சாப்பாட்டு மேசையில் நான் உட்காரும் இடத்தில் இப்போது துணி காயப்போடும் ஸ்டாண்ட் நிற்கிறது. அதே மேசையில் மகள்கள் இரண்டு பேரும் முட்டையும் ரொட்டியும் சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரி மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சாப்பிடுவாள். என்ன சாப்பிடுகிறாளோ, எனக்குத் தெரியக் கூடாதாம். நான் இங்கே மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது ஒரு பிழைப்பா?

மார்ச் 6, வெள்ளி

சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று மறுபடியும் உத்தரவு. போன மாதம் வெந்நீர்ப் பாத்திரத்தை நான் கீழே போட்டதிலிருந்து இந்தச் சட்டம். கால் விரல்கூடச் சுடவில்லை. தரைதான் நனைந்தது.

உத்தரவு போட்ட வீட்டுக்காரிக்குக் கூரியர் ஆபீசில் கவுன்டர் வேலை. நாள் முழுக்கப் பெட்டிகளில் 'உடையும் பொருள், கவனம்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். என் நெற்றியில் ஒன்று ஒட்டாததுதான் பாக்கி.

மார்ச் 8, ஞாயிறு

குட்டு வெளிப்பட்டது. என்னுடைய குட்டுதான்.

ஏழே முக்கால் ஆகியும் டிரே வரவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நானே போய்க் கதவைத் தள்ளினேன். அவள் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடி, அடியில் மிச்சம் இருந்ததைக் கரண்டியாலேயே வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அதே ஓட்ஸ். உப்பில்லாத ஓட்ஸ்.

"என்ன சாப்பிடுற நீ?"

"வீணாப் போகுதேன்னு…" பாத்திரத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

பள்ளியில் கடைசி வருடம் படிக்கும் சின்னவள் மேசையிலிருந்தே சொன்னாள்: "அஞ்சு மாசமா அம்மா அதைத்தாம்பா சாப்பிடுறாங்க. அப்பாவுக்கு இல்லாதது எனக்கு எதுக்குன்னு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்களை சத்தியம் பண்ண வெச்சிட்டாங்க."

யாரு கேட்டா உன்னை? யாரு கேட்டா? உனக்கு என்ன வியாதி? நல்லா முட்டையைப் பொரிச்சு மிளகு தூவித் தின்னா உன்னை யாரு கேக்கப்போறா — இதையெல்லாம் இங்கேதான் எழுத முடிகிறது. அவள் கைக்கடிகாரம் மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றிக்கொண்டு கிடப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஐந்து மாதமாக அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ ருசியாகச் சாப்பிடுகிறாள் என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்த மடையன் நான்.

சரி. முடிவு பண்ணிவிட்டேன். என் கஞ்சியை அவள் குடிக்கப் போவதில்லை. எல்லாரும் ஆசையாகச் சாப்பிடுகிற ஒன்றை நானும் சாப்பிடப் போகிறேன். ஒரே மேசை, எல்லாருக்கும் அதே பண்டம். எனக்குத் தனித் தட்டு வேண்டாம். அவளுக்கும் அந்தத் தொட்டியோரம் வேண்டாம்.

என்ன பண்டம்? தெரியவில்லை. எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

மார்ச் 9, திங்கள்

கிடைத்துவிட்டது. அலமாரி உச்சியில் ஒரு பெட்டி. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெரியவளுக்கு ஆண்டு விழாப் பரிசாக வந்த வாஃபிள் மெஷின். இரண்டு வருடமாகப் பிரிக்கவே இல்லை. இரண்டு இரும்புப் பலகை, கட்டம் கட்டமாக. நடுவில் மாவை ஊற்றி மூடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகும். நெருப்பு இல்லை, கொதிக்கிற எண்ணெய் இல்லை, திருப்பிப் போடுகிற வேலையும் இல்லை. ஒற்றைக் கைக்காரனுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

சின்னவள் போனில் தேடிச் செய்முறையைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். நான் அதில் வெள்ளை மாவைக் கோடு போட்டு அடித்தேன், சர்க்கரையை அடித்தேன், வெண்ணெயை அடித்தேன். "அப்பா, இப்ப மிச்சம் இருக்கிறது மெஷின் மட்டும்தான்" என்றாள். வாய் நீளம் அவளுக்கு. என்னிடமிருந்து வந்ததுதான்.

வீட்டுக்காரி சாயங்காலம் வந்து பார்த்தாள். "அடுப்பாங்கரைக்குள்ள வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"வரலையே. மெஷின் சாப்பாட்டு மேசை மேலதானே இருக்கு."

சட்டத்தில் ஓட்டை.

மார்ச் 11, புதன்

பயிற்சிப் பெண் தன் ஆஸ்பத்திரியில் உணவுமுறை சொல்லும் நிபுணரிடம் போனில் கேட்டுவிட்டாள். கோதுமை மாவு, பொடித்த ஓட்ஸ், முட்டை, பால், பாதி வாழைப்பழம் — சரி. மேலே ஆப்பிளும் ஸ்ட்ராபெரியும் கெட்டித் தயிரும் — சரி. எனக்கு இரண்டுக்கு மேல் கூடாது. மாவு பொங்குவதற்குப் போடும் பொடி ஒரு சிட்டிகை, அதற்கு மேல் போட்டால் உப்புக் கணக்கில் வந்துவிடுமாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் என் கோழிக் கிறுக்கலில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் டாக்டர் கொடுத்த பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். யாராவது கேட்கட்டும்.

அப்புறம் பழக்கடைக்குப் போனேன். தனியாக. லிஃப்டில் இறங்கி, இரண்டு தெரு. ஒவ்வொரு மின்கம்பமும் எனக்கு ஒரு ஸ்டாப். கடைக்கார அம்மா கேட்டாள், "என்ன டிரைவர் சார், ஆளையே காணோம்? பஸ் எங்க?"

"ஒர்க்‌ஷாப்ல கிடந்துச்சு. இப்பதான் வெளிய எடுத்திருக்கு."

சிரித்துக்கொண்டே நல்ல ஆப்பிளாகப் பொறுக்கிக் கொடுத்தாள். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வீட்டில் விஷயம் தெரிந்து ஒரே ரகளை. "விழுந்திருந்தா?" என்றாள் வீட்டுக்காரி. விழவில்லையே என்றேன். விழாதது ஒரு குற்றமா?

மார்ச் 15, ஞாயிறு

மானம் கப்பலேறியது.

ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். துணி ஸ்டாண்டை பால்கனிக்குத் தள்ளினேன். மாவு கரைத்தாயிற்று. மெஷினில் ஒரு விளக்கு: சூடேறும் வரை சிவப்பு, சூடானதும் பச்சை. மாவை ஊற்றினதும் மறுபடி சிவப்பு. எனக்கா சிக்னல் தெரியாது? பச்சை விழுந்த அந்த நொடியே மூடியைத் தூக்கினேன். வாஃபிள் நடுவே பிளந்து பாதி மேல் பலகையிலும் பாதி கீழ்ப் பலகையிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் மாவு அதிகமாகி, நாலு பக்கமும் வழிந்து, மேசை விரிப்பில் இறங்கி, பெரியவள் வேலைக்குப் போட்டுப்போக வைத்திருந்த சட்டையில் சொட்டியது. அதைத் துடைக்கப் போய் என் விரல் பலகையில் பட்டது. சின்னக் கொப்புளம்தான்.

வீட்டுக்காரி என் விரலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கேட்டாள்: "யாருக்கு நிரூபிக்கணும்ங்க உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் நிரூபிக்க வேணாம். நீ உக்காந்து சாப்பிடணும். அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவுல ராத்திரி பகலா உக்கார என்னால முடியாது. அதுக்கு இந்தக் கஞ்சியே எனக்கு அமிர்தம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அப்ப என்னைப் பெட்டியில போட்டு ஒட்டி அனுப்பிடு" என்றேன். அவள் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு டிரே வந்தது.

மார்ச் 16, திங்கள்

அவள் பேசவில்லை. நான் மட்டும் என்ன இளைத்தவனா? நானும் பேசவில்லை. மெஷினை எடுத்து வைக்கவும் இல்லை.

மார்ச் 18, புதன்

பகலில் வீடு காலி. பயிற்சிப் பெண் வந்ததும், ரப்பர் பந்தை அமுக்குவதற்குப் பதிலாக முட்டையின் வெள்ளைக்கரு அடிக்கிறேன் என்றேன். அதுவும் மணிக்கட்டுக்கு நல்லதுதான் என்றாள். கம்பிக் கரண்டியால் வலது கையில் அடித்தேன். இருபது சுற்று, ஓய்வு, மறுபடி இருபது. கடைசியில் வெள்ளையாக நுரைத்து நின்றது. கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினேன், விழவில்லை. இந்தக் கைதானே சட்டைப் பொத்தானுக்கு ஆகாது என்றார்கள்?

ஆனாலும் வாஃபிள் பிய்ந்தது. பிய்ந்ததை அவள் ருசித்துச் சாப்பிட்டாள். "உள்ள இன்னும் ஈரமா இருக்கு சார். ஏன் இவ்வளவு அவசரம்?"

அவசரமா? பச்சை விழுந்தால் எடுக்காமல் நின்று பழக்கமில்லை எனக்கு. ஒரு நொடி தாமதித்தால் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்.

இங்கே பின்னால் யாரும் இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

விளக்கைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, அதன் மேல் ஒரு துணுக்குக் காகிதம் ஒட்டினேன். ஆவியைப் பார்த்தேன். ரேடியேட்டர் ஆவியைப் பார்த்தே வண்டியின் சுகக்கேட்டைச் சொன்னவன் நான், இது தெரியாதா? மாவை ஊற்றினதும் விளிம்பில் புசுபுசுவென்று வந்தது. பச்சை விழுந்திருக்கும், அப்போதும் வந்துகொண்டிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மெல்ல மெல்லக் குறைந்து, நின்றது. தூக்கினேன். மூடி தானாக விட்டது. முழுசாக, பழுப்பாக, நாலு மூலையும் இருக்கிற ஒரு வாஃபிள்.

ஆள் இல்லாத வீட்டில் கெக்கெக்கே என்று சிரித்தேன். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ.

மார்ச் 22, ஞாயிறு

ஆறரைக்குத் தொடங்கினேன். ஆப்பிளைச் சின்னவள் நறுக்கினாள், நான் பட்டைத்தூள் தூவிப் பிசிறினேன். பெரியவள் துணி ஸ்டாண்டை மடித்து, என் நாற்காலியை ஜன்னலிலிருந்து இழுத்து மேசையில் போட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே.

வீட்டுக்காரி எழுந்து வந்து நேராகச் சமையலறைக்குள் போனாள். பாத்திரச் சத்தம். ஓட்ஸ் டப்பா திறக்கும் சத்தம். நான் இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்: "அந்தக் கஞ்சியை வெச்சா நீயே குடி. நான் இன்னைக்கு தொடமாட்டேன். நீ இங்க வந்து உக்காராத வரைக்கும் இதையும் தொடமாட்டேன். மாத்திரையும் போடமாட்டேன்."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா."

வெளியே வந்தாள். உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷினைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த என் தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தாள். "சர்க்கரையே இல்லையா?"

"இல்ல."

"உப்பு?"

"ஒரு சிட்டிகைப் பொடியில இருக்கிறதுதான். ஆஸ்பத்திரியில கேட்டாச்சு. நம்பலைன்னா போன் போடு."

ஆவி நின்றது. மூடியைத் தூக்கினேன். வலது கையால். முதல் வாஃபிளை அவள் தட்டில் வைத்து, தயிரும் ஆப்பிளும் ஸ்ட்ராபெரியும் போட்டு அவள் பக்கம் நகர்த்தினேன்.

உட்கார்ந்தாள். ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். அப்புறம் இன்னொரு மூலை. அப்புறம் நிமிர்ந்து பார்க்காமல் முழுசையும் சாப்பிட்டாள், தயிரைக்கூட விரலால் வழித்து. பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி. அவள் பசியோடு இருந்திருக்கிறாள், இவ்வளவு நாளாக.

நான் என்னுடையதைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் இனிப்பு போதாது. யாரிடமும் சொல்லப் போவதில்லை.

தட்டு காலியானதும் அவள் அதை என் பக்கம் நீட்டினாள். "இன்னொண்ணு குடுங்க."

வேணுமா, முடியுமா, வலிக்குதா, மாத்திரை போட்டாச்சா — ஐந்து மாதமாக இந்த வீட்டில் என்னிடம் கேட்டது இவைதான். 'குடுங்க' என்று யாரும் கேட்கவில்லை. மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று மகள்களிடம் சொன்னேன்.

"உக்காருங்கப்பா, அடுத்ததை நான் ஊத்துறேன்" என்றாள் பெரியவள்.

"கையை எடு" என்றேன். "அம்மா என்கிட்டத்தான் கேட்டா."

மார்ச் 29, ஞாயிறு

மேசை விரிப்பில் மாவு சிந்துகிறது என்று வீட்டுக்காரிக்குப் புகார். மெஷினுக்கு அடியில் எதையாவது வைத்துத் தொலையுங்கள் என்று காலையிலிருந்து ஒரே பாட்டு. வீடு முழுக்கத் தேடி அந்த நீல டிரேயை எடுத்து வைத்தேன். அளவு கச்சிதமாக இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அவளே அதைக் கழுவினாள், அதே தொட்டியோரம் நின்று. போன வாரம் நாலு சாப்பிட்டவள் இன்றைக்கு ஐந்து கேட்கிறாள், எனக்கு மட்டும் இரண்டுதானாம். இது என்ன நியாயம்? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நானே கேட்கப் போகிறேன்.