வெறுங்கையோடு வாருங்கள்

நாள் 2211. காலை 07:10
செவ்வாய், தென்சமவெளி அவசரத் தானியக் கிடங்கு. பொறுப்பாளர் வேலாயுதப்பெருமாள். ஆள்: நான் ஒருவன்தான். வெப்பம் சரி, காற்றழுத்தம் சரி. அரிசிப் பீப்பாய்கள் பன்னிரண்டு, முத்திரை குலையவில்லை. வழக்கம்போல ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டேன். திறந்து பார்ப்பதில்லை. திறந்தால் ஈரம் ஏறும். அந்த விதியை எழுதியதும் நான்தான்.

நாள் 2211. முற்பகல் 11:30
வடகுடியிருப்பில் பயிர்க்கூடம் நோயில் அழிந்துவிட்டது. நான்கு குழந்தைகளோடு இருபத்து மூன்று பேர், இரண்டு வண்டிகளில் இங்கே கிளம்புகிறார்கள். தலைவி ஞானசௌந்தரி வானொலியில் கேட்டாள்: "அண்ணாச்சி, எங்ககிட்ட ஒன்றர மாசத்துக்குக் கஞ்சிமாவு கெடக்கு. அதையும் ஏத்திட்டு வரவா?"

"எதுக்கும்மா? வண்டிதான் தெணறும். வெறுங்கையோட வாங்க, இங்க அரிசி மல மாதிரி இருக்கு" என்றேன். மாவை அங்கேயே விட்டுவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாள் 2212. காலை 10:20
வருகிறவர்களுக்குச் சூடாகச் சோறு போடலாமென்று முதல் பீப்பாயைத் திறந்தேன். உள்ளே கறுப்புக் கட்டி, பூஞ்சணம்.

வடபாதையில் புழுதிப்புயல் வருகிறது. மாலை மூன்று மணிக்குள் அவர்கள் வண்டிகளைத் திருப்பினால் வீடு சேரலாம். அதன்பின் பாதை இரண்டு மாதம் மூடிக்கிடக்கும். வீட்டில் மாவு இருக்கிறது, சரக்குக் கப்பல் வரும்வரை தாங்கும். உடனே சொல்ல வேண்டும். இன்னொன்றையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நாள் 2212. பகல் 12:45
நான்காவதும் போயிற்று. ஏனென்று எனக்குத் தெரியும். அரிசியை அடைத்த அன்று ஈரமானி பதினெட்டு சதவீதம் காட்டியது. பதினான்குக்கு இறங்க இன்னும் இரண்டு நாள் உலர்த்தியிருக்க வேண்டும். மறுநாள் கிடங்கின் திறப்பு விழா. அடைத்துவிட்டேன்.

நாள் 2212. பிற்பகல் 14:50
ஏழாவது. வானொலியின் ஒலிவாங்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான் அரிசியைச் சோதிக்கவில்லை, நேரத்தைக் கடத்திக்கொண்டிருக்கிறேன். வெட்கம். ஆறு வருடக் கையெழுத்தை நானே பொய்யென்று சொல்ல வேண்டுமே என்ற வெட்கம்.

நாள் 2212. மாலை 15:25
பன்னிரண்டும் வீண். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

நாள் 2212. மாலை 16:40
ஞானசௌந்தரியிடம் அரிசி வீணானதைச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள்: "எப்பப் பாத்தீங்க அண்ணாச்சி?"

"இப்பத்தாம்மா. நாலு மணிக்கு."

"அப்பச் சரி. மூணுக்கு முன்னாடின்னா திரும்பியிருப்போம். இதுல ஒங்க தப்பு என்ன இருக்கு?"

நாள் 2213. காலை 08:05
வண்டி விளக்குகள் தெரிகின்றன. என் ஒருவனுக்கான ஓராண்டுச் சாப்பாடு, இருபத்து நான்கு பேருக்குப் பதினைந்து நாள் வரும். கப்பல் வர நாற்பது நாள்.

வானொலியில் அவள்: "தூங்கியிருக்க மாட்டீங்கன்னு தெரியும். கவலப்படாதீங்க. மாமாகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு புள்ளைககிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

இதைக் கண்டெடுப்பவரே, நான் முதல் பீப்பாயைப் பார்த்தது நேற்றுக் காலை பத்து இருபதுக்கு. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. கதவைத் திறக்கப் போகிறேன். குழந்தைகள்தான் முதலில் இறங்குகிறார்கள், கையை ஆட்டிக்கொண்டு.