எரியாத சிவப்பு லைற்

புதன், 1992 ஐப்பசி

விடிய முதல் பக்கத்து வீட்டுக் குணம் ஓடிவந்து படலையில் தட்டினான். அவன் மனைவி வசந்திக்கு வலி எடுத்துவிட்டது. இருவரையும் ஏற்றிக்கொண்டு இணுவிலில் இருந்து பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். கொக்குவில் தாண்டும்போது கார் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மாட்டுவண்டி பிடித்துத்தான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தாய் தப்பிவிட்டாள். பிள்ளை தப்பவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் குணம் கேட்டான்: "அண்ணை, ஒயில் பாத்தனீங்களோ?"

"டாஷ்போர்டில சிவப்பு லைற் எரியேல்லை, குணம்," என்றேன். பொய் இல்லை.

முன்பெல்லாம் ஒவ்வொரு வெள்ளியும் எஞ்சினில் இருக்கும் அளவுக் கம்பியை இழுத்து ஒயில் பார்த்த பிறகுதான் காருக்குத் திருநீறு பூசுவேன். தடையால் பெற்றோல் வருவது நின்று, மண்ணெண்ணெயில் எப்போதாவது ஓடத் தொடங்கியதும் கம்பியை விட்டுவிட்டேன். ஒயில் குறைந்தால் லைற் காட்டும்தானே என்று பெரிய மெக்கானிக் போல மனைவியிடம் கதைத்தேன். திருநீறு மட்டும் ஒரு வெள்ளியும் தவறவில்லை.

பின்னேரம் காரைத் தள்ளிவந்து டாஷ்போர்டைக் கழற்றினேன். அந்த லைற் இருந்த இடம் வெறும் ஓட்டை. அப்போதுதான் நினைவு வந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் மகள் சோதினைக்குப் படிக்கவேண்டும் என்று, ஆவணியில் அந்தக் குட்டி பல்பைக் கழற்றிப் பழைய கார் பற்றரியில் பூட்டிக் கொடுத்தவன் நான்தான். மடையன்.

குணத்திடம் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது?

மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். "அப்பா, எழுதி முடிய லைற்றை நூத்துவிடுங்கோ," என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

இன்னும் அணைக்கவில்லை. நன்றாகத்தான் எரிகிறது.