ஃப்ரிட்ஜ் போட்ட சுருதி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சலவைக்கூடத்தில் இஸ்திரி ஆவி பட்டுக் கை லேசாக வெந்தது; ஆறிவிட்டது.

விடுமுறையன்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு கிட்டார் பழகினேன். போனில் ஓடும் பேக்கிங் டிராக்தான் எனக்குப் பக்கவாத்தியம். ஒரே கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரே ஸ்வரக்கூட்டை, அது சளைக்காமல் வாசிக்கும். அதன்மேல் நான் மனம்போனபடி மெட்டுக் கட்டுவேன். அன்று எடுத்தது நம் ராகம் மாதிரி ஒரு மோட், நல்ல துள்ளலானது. குஷியாகத்தான் வாசித்தேன். என்னோடு அறையில் தங்கியிருக்கும் சமையல்காரர் மேல்கட்டிலிலிருந்து இறங்கி வந்து தோளைத் தொட்டார்.

"தம்பி, வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களா?"

அப்புறம்தான் புரிந்தது. டிராக் எனக்கு மட்டும் கேட்டிருக்கிறது. அவர் காதில் விழுந்தது என் கம்பிகளும் பழைய ஃப்ரிட்ஜின் உறுமலும்தான். அடியில் ஒலிக்கும் சுருதி மாறினால் அதே ஸ்வரங்கள் ஒப்பாரியாகிவிடும். சிரித்துச் சமாளித்தேன்.

"அவனுக்கென்ன, கிட்டாரைத் தட்டிக்கிட்டு ராஜாவாட்டம் இருக்கான்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறீர்களாம். தங்கை சொன்னாள். பிடிவாதமாக என்னை இந்த வேலைக்கு அனுப்பிவைத்த உங்களுக்கு அப்படிச் சொல்வது வசதிதான். போனில் என் குரல் மட்டும்தானே கேட்கிறது, அடியில் உறுமும் ஃப்ரிட்ஜ் கேட்பதில்லையே!

வேலைக்கு வேன் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று: அம்மா தைக்கும்போது தையல் மெஷின் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அதன்மேல் வாசித்துப் பழகத்தான். இடையில் யாரும் பேச வேண்டாம். முக்கியமாக நீங்கள்.

உங்கள் மகன்